தனக்குத் தானே தள்ளுபடி

அடுத்தவர் சம்பளத்துக்காக உறுமுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சம்பள உயர்வு கேட்கப் போகிற சக ஊழியரைக் கேன்டீன் மூலையில் மடக்கி, "முதல்ல இறங்கி வர்றவன் தோத்தான்யா" என்று ஆரம்பித்து, எப்படி உட்காரவேண்டும், எப்போது தண்ணீர் குடிக்கவேண்டும், எந்த இடத்தில் லேசாக இருமவேண்டும் என்பதுவரை பாடம் நடத்திவிட்டு, டீக்காசை மட்டும் அவரையே கொடுக்க வைக்கும் இனம்.

நம்முடையவருக்கு அலுவலகத்தில் 'பேரப்புலி' என்று பெயர். பார்சல் கம்பெனி ஒன்றில், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று பதினோரு வருடமாக அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். இவர் பேச்சைக் கேட்டுச் சம்பளம் உயர்ந்தவர்கள் நான்கு பேர். இவர் சம்பளம்? அதை விடுங்கள்.

அவருடைய பிரிவை இரண்டு மாதத்தில் மூடப்போவதாக ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம் அது. கண்ட இடமெல்லாம் விண்ணப்பம் போட்டதில், ஓர் ஆலோசனை நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. மற்ற நிறுவனங்களுக்குப் போய், எதை எப்படிச் செய்தால் மிச்சம் என்று சொல்லிக் கொடுத்துக் கட்டணம் வாங்குகிற நிறுவனம்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவர். தாடையைப் பிடித்துக்கொண்டு துடிப்பவரிடமும் கட்டணத்தைக் கண் இமைக்காமல் சொல்லிப் பழகியவர். ஒத்திகையில் அவர்தான் மேலாளர்.

"எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?"

"தொண்ணூறாயிரம்."

"அவ்வளவு கட்டுப்படி ஆகாதே."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கங்க!" என்று எழுந்து விறுவிறுவென்று வெளியேறினார், சமையலறை வரைக்கும். மகள் கைதட்டினாள்.

நேர்காணலும் நன்றாகவே தொடங்கியது. எதிரே இருந்த அம்மையார் கேட்டார்: "ஒரு ஆஸ்பத்திரி. லிஃப்டுக்காக எல்லாரும் அரைமணி நேரம் நிக்குறாங்க. புது லிஃப்ட் வைக்க இடமில்ல. என்ன செய்வீங்க?"

"சாப்பாட்டு வண்டியும் பார்வையாளர்களும் ஒரே நேரத்துல ஏறுறாங்களான்னு முதல்ல பார்ப்பேன் மேடம். அப்படி இருந்தா, வண்டியை முன்னாடியே ஏத்திடலாம். பாதிக் கூட்டம் குறைஞ்சிடும்."

அம்மையார் முகம் மலர்ந்தது. பதினோரு வருட அனுபவமாயிற்றே, சும்மாவா? பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"தொண்ணூறாயிரம்," என்றார் புலி.

அம்மையார் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஒரு விநாடி. இரண்டு. நான்கு விநாடி மௌனத்தைத் தாங்கிய வீரர் யாராவது உண்டா?

"எண்பத்தஞ்சு கூடப் பரவாயில்ல மேடம்."

சுருக்கம் ஆழமானது.

"எண்பது. வீடு பக்கம்தான், பஸ் செலவு மிச்சம்."

மௌனம்.

"எழுபது... கத்துக்கறதுதானே மேடம் முக்கியம்?"

அம்மையார் நிமிர்ந்தார். "மன்னிக்கணும் சார், இந்தக் கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்னுபோச்சு. நான் எதையும் சரியாக் கவனிக்கல. எவ்வளவு சொன்னீங்க?"

பாருங்கள், விதியே மனமிரங்கி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது.

"அறுபத்தஞ்சு மேடம்."

"முதல்ல வேற ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"இல்லயே மேடம், இதேதான்."

வீட்டுக்கு வந்து மார்தட்டினார். "நான் ஒரு தொகை சொன்னேன். எதிர்ப்பேச்சே இல்ல!" இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் மின்னஞ்சலில் நியமனக் கடிதம் வந்தது. மனைவி படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"அறுபத்தஞ்சா! தொண்ணூறுலதானே ஆரம்பிச்சிருப்பீங்க? இது இப்ப வாங்குறதைவிட ரெண்டாயிரம்தான் கூட. இதை வச்சு அவளை எப்படிங்க படிக்க வைக்கிறது? உக்காருங்க. நான் சொல்றதை அடிங்க."

'வேலையில் சேர விருப்பம். நேர்காணலில் நான் முதலில் கேட்ட தொண்ணூறாயிரமே என் எதிர்பார்ப்பு.' அவ்வளவுதான் கடிதம். கீழே 'தங்களுக்குச் சிரமம் இருப்பின்' என்று புலி மெதுவாகச் சேர்த்தார்; மனைவி அழித்தார். 'தங்கள் சௌகரியம்போல்' என்று புலி மறுபடி ஆரம்பித்தார். மனைவி அதையும் அழித்து, தானே அனுப்பிவிட்டார்.

"இருந்த வேலையும் போச்சு, வந்த வேலையும் போச்சு" என்று புலி மூன்று மணிநேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போன் அடித்தது. அதே அம்மையார்.

"எண்பத்தெட்டு தர முடியும் சார். சம்மதமா?"

"அவ்வளவு எதுக்கு மேடம், எண்பத்த..." என்று வாயெடுத்தவரின் இடுப்பில் மனைவி கிள்ளிய கிள்ளில், "சம்மதம்!" என்ற சொல் அலறலாகவே வெளிவந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

ஒரு மணிநேரத்துக்குள் புலி மச்சானுக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளை, இதெல்லாம் ஒரு கலைப்பா. கல்லு மாதிரி உக்காரணும்." மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், போன தடவை உங்கள் உழைப்புக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்களா பார்த்து ஏதாவது..." என்று இழுத்தாரே ஒருவர், அவர் உங்களுக்கு என்ன உறவு?