சதுர டோஸ்ட்

டோஸ்ட் முக்கோணமாக வந்திருந்தது.

சின்னவர் தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். வயது எட்டுதான் என்றாலும் வீட்டில் அவருக்குச் சின்னவர் என்றுதான் பெயர். அறிமுகமில்லாத டோஸ்ட்டை அவர் தொடுவதில்லை.

“சதுரம் இல்ல,” என்றார்.

“புது சர்வர் கண்ணா. தெரியாம வெட்டிட்டார்,” என்று அம்மா சிரித்தாள். ஓரக்கண்ணால் எதிரே பார்த்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கணவரின் அக்கா, அவளுக்கு அண்ணி, ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஆட்டிசம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஏழு பள்ளிகள் கதவைச் சாத்திய பிறகு, எட்டாவதாக இவர்தான் சொன்னார்: “என் கண்ணால பார்க்கணும். வெளியிடத்துல, நாலு பேர் நடுவுல, ஒரு மணி நேரம் உட்காரட்டும். சேர்த்துக்கறேன்.”

ஒரு மணி நேரம் என்ன பெரிய மணி நேரம்! ஆறு ஞாயிறாக ஒத்திகைக்கென்று இதே ஓட்டலில், இதே சன்னலோர மேஜையில், காலைச் சாப்பாட்டிலும் சேராத மதியச் சாப்பாட்டிலும் சேராத இந்த ரெண்டுங்கெட்டான் வேளையில், சின்னவர் ஒன்றரை மணி நேரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சுற்றியுள்ள நாலு மேஜைகளிலும் ‘ரிசர்வ்’ அட்டை நிற்கும், ஆள் வராது. புக் செய்துவிட்டு வராமலே போகும் அந்தப் புண்ணியவான்களை அம்மா வாராவாரம் மனதார வாழ்த்துவாள்.

இன்றைக்கென்று பார்த்துப் புண்ணியவான்கள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். நாலு மேஜையும் ஒரே பிறந்தநாள் கூட்டம். வழக்கமாகச் சதுர டோஸ்ட் கொண்டுவரும் மீசைக்கார சர்வர் அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு முறை கையாட்டியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ஒரு நாள் முக்கோணம் சாப்பிட்டா என்ன குறைஞ்சிடும்?” என்றார் கணவர், அக்காவுக்கும் கேட்கிற மாதிரி.

அவர் இந்த ஏற்பாட்டுக்கே அரை மனது. “அக்கா ஸ்கூல்தானா கிடைச்சுது? நம்ம சொந்தக்காரப் பிள்ளைங்க பாதி அங்கதான் படிக்குது,” என்று ஒன்றரை மாதமாக முனகல். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு எப்போதும் தனியாகவே போய்வருகிற மனிதர். அப்படிப்பட்டவர் ஆறு ஞாயிறும் கூடவே வந்தாரே என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயம்.

அம்மா கத்தியை எடுத்தாள். முக்கோணத்தைச் சதுரமாக்குவது அவ்வளவு கஷ்டமா என்ன? இரண்டு நிமிஷத்தில் இரண்டு முக்கோணமும் எட்டுத் துண்டாயின. எட்டில் ஒன்றுகூடச் சதுரம் இல்லை.

“உடைஞ்சிருச்சு,” என்றார் சின்னவர். குரல் ஒரு படி ஏறியது.

தடயத்தை மறைக்க வேண்டுமே! எட்டையும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணி கேட்டார்: “வீட்டுல என்னதான்மா சொல்லிக் குடுக்கறே?”

“ம்… ம்ம்… ம்ம்,” என்றாள் அம்மா. விளக்கமான பதில்தான். வெளியேதான் வரவில்லை.

முழுங்கி முடித்ததும் புது சர்வரைக் கூப்பிட்டாள். “ஒரு டோஸ்ட் வெட்டாம கொண்டு வாங்க.”

“வெட்டாம குடுத்தா கிச்சன்ல திட்டுவாங்கம்மா.”

“நான் திட்ட மாட்டேன். கொண்டு வாங்க.”

இது மேனேஜர் காதில் விழுந்தது. மேனேஜர் நல்லவர், அதுதான் வினையே. பிறந்தநாள் மேஜையிலிருந்து ஒரு பலூனை அவிழ்த்துக்கொண்டு வந்தார். “குட்டித் தம்பிக்குக் கோபமா?” என்று கேட்டுவிட்டுச் சின்னவரின் நாற்காலியிலேயே கட்டினார்.

பலூன் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது என்று சொல்ல முடியாத எதனோடும் சின்னவருக்கு ஒத்துவராது. காதைப் பொத்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” என்று அம்மா பலூனைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பிறந்தநாள் மேஜையில் திருப்பிக் கொடுத்தாள்.

“அட, தம்பிக்குப் பிடிக்கலையா?” என்றார் அங்கே ஒரு மாமா.

“அவனுக்கு ஆட்டிசம் சார். சத்தம் ஆகாது. கொஞ்சம் மெதுவா…”

மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் எழுந்து நின்று பேசுகிற ரகம்.

“எல்லாரும் கேளுங்க! பக்கத்து மேஜையில ஒரு ஸ்பெஷல் குழந்தை வந்திருக்கு. அந்தத் தம்பிக்காக எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க!”

தட்டினார்கள். நாலு மேஜையும் சேர்ந்து, வஞ்சனை இல்லாமல் தட்டினார்கள். சின்னவர் ஒரே பாய்ச்சலில் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினெட்டு நிமிஷம்,” என்றார்.

அம்மாவும் மேஜைக்கு அடியில் போனாள். வேறு எங்கே போவாள்?

“கால் நிறைய இருக்கு,” என்றார் சின்னவர், காதிலிருந்து கையை எடுக்காமல்.

“எத்தனை கண்ணா?”

“அறுபத்திரெண்டு. போன வாரம் ஆறு.”

மேலே முள்கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை. கணவருக்கு இன்று நல்ல பசி போல.

“நான் சொல்லலை அக்கா? வெளிய கூட்டிட்டு வர்ற நிலைமையில இல்லை அவன். இவ கேட்டாத்தானே.”

“பாவம்டா நீ,” என்றது அண்ணியின் குரல்.

அம்மாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. நம்பி ஆறு வாரம் கூடவே வந்த மனிதரை அவருடைய அக்கா முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே!

அண்ணி மேஜைக்கு அடியில் குனிந்தார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்மா. நூத்துக்கணக்குல பிள்ளைங்க இருக்கிற இடம். புரிஞ்சுக்கோ.”

“அக்காவை வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்,” என்றார் கணவர். நாலு கால்கள் வாசலைப் பார்த்து நடந்தன. அம்மா அவை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது சர்வர் குனிந்து தட்டை நீட்டினார். “இங்கயே வெச்சிடட்டுமாம்மா?”

கிச்சன்தான் ஜெயித்திருந்தது. மறுபடியும் இரண்டு முக்கோணம். அம்மாவின் கை தன்னால் கத்தியைத் தேடியது; கத்தி மேலே இருந்தது.

சின்னவர் காதிலிருந்து கையை எடுத்தார். ஒரு முக்கோணத்தைத் திருப்பி வைத்தார். இன்னொன்றை அதன் பக்கத்தில் நகர்த்தினார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

“சதுரம்,” என்றார். சாப்பிட ஆரம்பித்தார்.

முதல் தட்டிலும் இரண்டு முக்கோணம்தான் இருந்தது. அரை நிமிஷம் பொறுத்திருந்தால் அவரே சேர்த்திருப்பார். இது தெரிந்தபோது அம்மாவுக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேஜை தலைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சின்னவர் தானாக வெளியே வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்தநாள் கூட்டம் கேக் வெட்டியது, போட்டோ எடுத்தது, சிரித்தது. அவர் ஒரு தடவை காதைப் பொத்தினார், பிறகு எடுத்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம், ஐம்பத்தெட்டுக் கால்களுக்கு நடுவில். பார்க்க வேண்டியவர்தான் இல்லை.

கூட்டம் கலைந்ததும் மீசைக்கார சர்வர் துணியோடு வந்தார். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா,” என்றார் மெதுவாக. “வாராவாரம் நாலு டேபிளையும் உங்க வீட்டு சார் பேர்லதான் காலியா வைப்போம்; இந்த வாரம் மட்டும் சாரே போன் பண்ணி, காலியா வைக்காதீங்க, நல்லா கூட்டமா உட்கார வைங்கன்னு சொல்லிட்டார். அடுத்த வாரம் பழையபடி வெச்சிடட்டுங்களா?”