கிழக்குப் பார்த்த கேரவன்

கோலா தெர்லா,
செவ்வாய்க்கிழமை.

காப்புறுதி முகவரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான தர்மா அவர்களுக்கு, அத்தான் சாமிநாதன் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா ரஞ்சிதமும் சுகம். லோரியும் சுகம். கேரவன் மட்டும் கோயிலுக்குக் கீழே இருக்கும் வீரப்பனின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கிடக்கிறது. ஈப்போவில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க அந்த முருகன் அருளட்டும்.

நட்ட ஈடு கிடையாது என்று கம்பெனியிலிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பாலிசி நீ எடுத்துக் கொடுத்தது என்பதால் உனக்கு எழுதுகிறேன். எனக்கு வேலை ஓய்வு வந்துவிட்டதால் முப்பதாம் தேதி எஸ்டேட் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிறகு கேரவனில் ஊர் ஊராகப் போய் உன் அக்காவுக்குக் கடல் காட்டுவது என்பதுதான் திட்டம். அச்சு முறிந்த கேரவனில் எங்கே போவது? நட்ட ஈடு வராவிட்டால் ஒன்றாம் தேதி காலை நாங்கள் இருவரும் அவளுடைய ஐந்து வாத்துகளும் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. தகவல்தான்.

நடந்தது இதுதான். கேரவனை இழுக்கக் கார் போதும் என்று நீ சொன்னாய், எனக்கோ லோரி மட்டும்தான் ஓட்டத் தெரியும், அதனால் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிய அதே பழைய லோரியை வாங்கி, பின்னால் கேரவனை மாட்டி, பூசை போடக் கோயில் வாசலில் நிறுத்தினேன். பூசாரி சுகுமாரன் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணே, இது வண்டியா வீடா? எந்தப் பூசை போடறது?" என்றார். "அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, அப்புறம் என்னலா? வீடுதான்" என்றாள் உன் அக்கா. வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும், பால் காய்ச்ச வீடு கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், லோரியோ வடக்குப் பார்த்து நின்றது, ஆகவே கேரவனைக் கழற்றி, நாலு பேர் தள்ளிக் கிழக்கே திருப்பி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். கிழக்குப் பக்கம் இறக்கம். ரஞ்சிதம் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பூசாரி வண்டிப் பூசையையும் சேர்த்துப் போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க இடமில்லாததால் கல்லை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தார். எலுமிச்சம்பழத்துக்கு அவ்வளவு பெரிய வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது.

கேரவன் இறக்கத்தில் ஓடி, வீரப்பன் தோட்டத்தில் இரண்டு வரிசை முட்டைக்கோஸைத் தாண்டி நின்றது. விழுந்தடித்து ஓடினேன். கதவைத் திறந்துகொண்டு உன் அக்கா வந்தாள். "என்னங்க, பால் பொங்கிருச்சு! கெழக்காலதான் பொங்குச்சு!" என்றாள். அவள் மேல் ஒரு கீறல் இல்லை. வீரப்பனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

விசாரிக்கக் கம்பெனி ஆள் வந்தார். பெயர் அஃபிக், மலாய்க்காரர், நல்ல பையன், நம்மைப் போலவே தமிழ் பேசினார்.

"ஆக்சிடென்ட் நடந்தப்போ யாரு ஓட்டுனா?"

"யாரும் ஓட்டல."

"உள்ள யாரு இருந்தா?"

"என் சம்சாரம்."

"என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?"

"பால் காய்ச்சிக்கிட்டு இருந்தா."

எழுதிக்கொண்டார். நசுங்கிய எலுமிச்சம்பழத்தையும் படம் பிடித்துக்கொண்டார்.

கம்பெனி சொல்லும் காரணங்கள் இரண்டு. லோரியோடு மாட்டியிருந்தால்தான் கேரவனுக்குக் காப்புறுதி செல்லும் என்கிறார்கள். ஆனால் கேரவனின் பின்விளக்கு ஒயரை லோரியிலிருந்து கழற்ற நான் மறந்திருந்தேன். முதல் இரண்டடி ஓடும்வரை அது அறுந்துபோகவில்லை, ஆகவே முதல் இரண்டடிக்காவது நட்ட ஈடு தரலாம். அடுத்தது, பால் காய்ச்சியதால் அது குடியிருக்கும் வீடு, உல்லாசப் பயண வண்டி அல்ல என்கிறார்கள். பாலைக் காய்ச்சினால் வண்டி வீடாகிவிடுமா? இதை நீ அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அது வண்டி. வண்டியேதான்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர எங்கள் ஆசிகள். உன் மனைவி அன்பரசிக்கு வாத்து பிடிக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சாமிநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உன் அக்கா தோட்டத்திலிருந்து வந்தாள். கேரவன் அங்கேயே இருக்கட்டும், காட்டுப்பன்றி வராமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நல்லது என்று வீரப்பன் சொல்லிவிட்டாராம். வாத்துகளை அங்கே விட்டாயிற்று, ஜன்னலுக்குத் திரையும் போட்டாயிற்று. கடல் என்னாவது என்று கேட்டேன். "கடல் எங்க போயிறப் போவுது? தம்பி வீட்டு ஹால்ல படுக்கறதுக்குப் பதிலா, பால் பொங்குன எடத்துல இருந்துக்கலாம்லா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கம்பெனியிடம் சொல்லாதே. அவர்கள் சொன்னதே சரி. வீட்டுக் காப்புறுதி விண்ணப்பப் பாரம் ஒன்று அனுப்பு. வீடு இதற்கு முன் நகர்ந்தது உண்டா என்று அதில் கேட்டிருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடு. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டேன். எலுமிச்சம்பழம் கல்லுக்கு மேல்தான் இருக்கிறது.