மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழே ஒரு வட்டம்

மனித குலத்தின் மூட்டுவலி, வறுமை, பிறருக்குக் கீழே வேலை பார்க்கும் அவலம் ஆகிய மூன்றும் இன்றோடு முடிவுக்கு வருகின்றன என்ற மாபெரும் அறிவிப்பு, ஒரு சனிக்கிழமை மாலை தக்கலையில், முந்திரிக்கொத்துத் தட்டுக்கும் அச்சுமுறுக்குத் தட்டுக்கும் நடுவே வெளியிடப்பட்டது.

வெளியிட்டவர் ஏசுஅடிமை. பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, ஆள் சேர்த்து மூட்டுவலிப் பொடி விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவர். கேட்டுக்கொண்டிருந்தவர் கொட்டாரம் குமாரதாஸ், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓமனில் வேலை பார்க்கும் தன் மகன் டெனிஷுக்கு, ஏசுஅடிமையின் மகள் ஜாஸ்மியைப் பெண் பார்க்க வந்திருந்தார்.

ஜாஸ்மிக்கு வயது முப்பதை நெருங்குகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "மகளுக்கு ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்காத ஆள் சபையில் இல்லை. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று மனைவி ஜெபகுமாரி உபவாசம் இருந்தாள். கணவர் ஒரு வெள்ளைப் பலகை வாங்கினார்.

"இது வியாபாரமே இல்ல சார்," என்று பலகையில் ஒரு வட்டம் போட்டார் ஏசுஅடிமை. "இது நான். எனக்குக் கீழ இடது கால் ஒருத்தர், வலது கால் ஒருத்தர். அவியளுக்கு ரெண்டு ரெண்டு பேரு. பெறவு நாம ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தா போதும், பணம் நடந்து வரும்."

இடது கால், மச்சினன் ஷாஜன். வலது கால் பல மாதங்களாகக் காலி. இப்படி ஒரு தருணத்துக்காகவே கடவுள் அதைக் காலியாக வைத்திருந்தார் என்று ஏசுஅடிமைக்குத் தோன்றியது. காலி வட்டத்துக்குள் 'குமாரதாஸ் சார்' என்று எழுதினார்.

குமாரதாஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஓய், அது நம்ம பேரா?"

"ஆமா சார்."

"எங்க இருக்கு?"

"வலது கால்ல சார்."

"பையனைப் பெத்தவன் நான். பொண்ணு வீட்டுக்காரனுக்க காலுக்குள்ள எனக்க பேரை எழுதி, தப்பிச்சுப் போகாம இருக்க சுத்தி ஒரு வட்டமும் போட்டிருக்கேரு!"

ஏசுஅடிமை பதறிப்போய்ப் பலகையைத் தலைகீழாகத் திருப்பினார். குமாரதாஸ் மேலே வந்தார். ஆனால் எழுத்தெல்லாம் சிரசாசனத்தில் நின்றது.

"இப்பம் தலைகீழா நிக்கேன். கொள்ளாம், நல்ல மரியாதை," என்று எழுந்தவர் வாசலைத் தாண்டிவிட்டார். அந்தக் கோபத்திலும், கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை மறக்கவில்லை.

"இஞ்சேருங்க," என்றாள் ஜெபகுமாரி. "பொண்ணு பாக்க வந்த மனுஷனுக்குப் பொண்ணைக் காட்டச் சொன்னா பலகையைக் காட்டுவியளா?"

மறுநாள் தரகர் பேபி தூது வந்தார்.

"சாருக்குப் பொண்ணைப் பாக்காமலே பிடிச்சாச்சு. வட்டம்தான் பிடிக்கல்ல. மாப்பிள்ளை வீடு மேல, பொண்ணு வீடு கீழ. கம்பெனின்னாலும் அது மாறாதுன்னு சொல்லுகாரு. சார் கம்பெனியில சேருவாரு. நீங்க அவருக்குக் கீழ சேரணும்."

"நான் ஏற்கெனவே சேந்தவனாக்கும்!"

"அப்பம் சார் வேற பொண்ணு பாக்கட்டா?"

ஏசுஅடிமை மனைவி பெயரில் புதிதாகச் சேரச் சம்மதித்தார். சேருவதற்குக் கம்பெனியில் கட்டணம் கிடையாது. ஒரு பெட்டி மூட்டுவலிப் பொடி வாங்கினால் போதும். பொடி வாங்காமல் சேர முடியாது, அவ்வளவுதான். மாதாமாதம் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாங்காவிட்டால் வருமானம் நின்றுவிடும், அவ்வளவுதான். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாத உத்தமமான கம்பெனி.

குமாரதாஸ் அன்று மாலையே, இதற்குக் கீழே சேரும்படி, தன் உறுப்பினர் எண்ணைப் போனில் சொன்னார்.

"இவ்வளவு சீக்கிரமா சார்?"

"இறங்கினா நான் அப்படியாக்கும்."

ஏசுஅடிமை அவருக்குக் கீழே சேர்ந்த விஷயம் ஷாஜனுக்கு எட்டியது.

"அத்தான், மேல வா, மேல வான்னு என்னைக் கூட்டிட்டு வந்துட்டு, நீங்க ஏணியை விட்டு இறங்கிப் போயிட்டியளா?"

"ஜாஸ்மிக்க கல்யாணத்துக்காகத்தாம்டே!"

"தாய்மாமன் இல்லாம அந்தக் கல்யாணம் நடக்குதான்னு நானும் பாக்கேன்."

ஜெபகுமாரி அழுதாள். ஷாஜனும் புதிதாகச் சேரச் சம்மதித்தான்; ஆனால் அத்தானுக்குக் கீழே இனி இருக்கமாட்டானாம், இருந்தவரைக்கும் பட்ட மானக்கேடு போதுமாம். கடைசியில் குமாரதாஸே பெருந்தன்மையோடு முன்வந்தார். "குடும்பம்னு ஆனபெறவு ஒரு காலு குடுக்கப்படாதா?" என்று தன் வலது காலில் ஷாஜனை வைத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு காலும் நிறைந்து திரும்பிய மனிதர் நாஞ்சில் நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதோடும் விட்டாரா?

"ஓய், நாளைக்கு நமக்குச் சம்பந்தி ஆகப்போறேரு. நீரு ரெண்டு காலும் இல்லாம இருந்தா எனக்குல்லா குறைச்சலு?"

ஏசுஅடிமை கால் தேடி அலைந்தார். டெப்போவின் பழைய நண்பர்கள் அவரைக் கண்டதும் எந்த ஊருக்குப் போகும் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறினார்கள். ஜெபகுமாரியின் ஜெபக்குழுவில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மீதிப் பேர் வேறு வீட்டில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஜாஸ்மியின் அறையில் பொடிப்பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு வந்தன.

ஜாஸ்மி நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்ப்பவள்.

"அப்பா, கம்பெனியில சேராத ஒரு மனுஷன் இந்தப் பொடியைக் காசு குடுத்து வாங்கினது உண்டா?"

"எல்லாரும் சேந்த பெறவு வெளியாளு எதுக்கு மக்களே?"

"எல்லாரும் சேந்தாச்சுன்னா, கடைசியில சேந்தவனுக்கு ரெண்டு கால் எங்கேருந்து வரும்?"

ஏசுஅடிமை சாய்ந்திருந்த ஒரு பெட்டியை நேராக்கினார். பிறகு, "இதெல்லாம் நெகட்டிவ் பேச்சு," என்றார். பதில் இல்லாத கேள்விகளுக்கு இப்படிச் சொல்ல வேண்டும் என்று கம்பெனிக் கூட்டத்தில், கோட்டு போட்ட ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"சரி, அந்தப் பையன்ட்ட நான் ஒரு தடவ பேசணும்."

"அவரு நடுக்கடல்ல எண்ணெய்க் கிணத்துல நிக்காரு. எல்லாம் உறுதியான பெறவு பேசுவாரு."

உறுதியாக்கிவிடுவது என்று ஏசுஅடிமை தீர்மானித்தார். கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரின் ஆலயங்களிலும் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாரும் உண்டா என்று சபையில் கேட்பார்கள். மாப்பிள்ளையின் ஆலயத்தில் என்றைக்கு வாசிக்கிறார்கள் என்று தக்கலைப் போதகர் கேட்டார். குமாரதாஸுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பிறரை மேலே தூக்கிவிடும் வேலையில் இருப்பார் என்று மரியாதையோடு நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்ப் போதகருக்கென ஒரு பொடிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏசுஅடிமை கொட்டாரத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆலயத்தில் போதகர் இல்லை. மணியடிக்கும் ஜேசுதாஸ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"குமாரதாஸ் சாருக்க மகன் டெனிஷுக்கு ஓலை எழுதணும். நான் பொண்ணுக்க அப்பா."

ஜேசுதாஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"தக்கலை."

"போன மாசம் வந்தவரு கருங்கல். அதுக்கு முன்ன வந்தவரு மார்த்தாண்டம். அவியளும் இதே பெட்டிதான் கொண்டு வந்தாவ."

ஏசுஅடிமை பெட்டியைக் கீழே வைத்தார். "அய்யோ, அதுல ஒருத்தருக்க மகளை டெனிஷுக்கு உறுதி பண்ணிட்டாரா?"

"இல்ல," என்றார் ஜேசுதாஸ், குப்பையை ஓரமாக ஒதுக்கியபடி. "டெனிஷுக்குப் போன வருசம் ஈஸ்டர் கழிஞ்ச ஒடனே இங்க வச்சு கல்யாணம் ஆயாச்சு."