கிட்டங்கியில் நான்கு வாசல் வைத்த விவரம்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு, மச்சான் விஜயபாண்டி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், ஏலக்காய் விலை மட்டும் படுத்திருக்கிறது. அங்கே தாங்களும் தங்கை வித்யாவும் குறைவின்றி இருக்கப் பரமசிவன் மலைச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. பல்கலைக்கழகப் பதிவாளராகிய தாங்கள் நான் ஏலக்காய் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியை ஆரோக்கிய ஆராய்ச்சி நிலையமாக்கியதோடு விடாமல், எல்லோரையும் அரவணைக்கும் குழுவுக்கு என்னையே தலைவராகவும் போட்டீர்கள். பல இடத்திலிருந்து வந்த ஆராய்ச்சிப் பிள்ளைகளில் யாரும் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். நான் எனக்குத் தெரிந்த தொழில்படி செய்தேன். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லி பருமன் தனி, ஏழு மில்லி தனி என்று பிரித்தால்தானே ஒவ்வொன்றுக்கும் மரியாதை? சக்கர நாற்காலியில் வரும் ஈஸ்வரனுக்குப் பின்பக்கம் சரிவுப் பாதையோடு ஒரு வாசல், நாகாலாந்துத் தம்பிக்கு அவர் கருவாட்டுக்குத் தனி அடுப்போடு ஒரு வாசல், கைக்குழந்தைக்காரி மகாராணிக்கு ஒரு வாசல், மலையில் ஏலத்தோட்டக் குடியிருப்பிலேயே பிறந்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் கற்பகம் அதிகம் பேசாததால் கூச்சம் என்று முடிவுகட்டி மூலையில் ஒரு வாசல். நடுவே பிளைவுட் தடுப்பு, வாசலுக்கு வாசல் இது இன்னாருக்கு என்று போர்டு. கடைசியில் என்ன ஆனது என்றால், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஓர் அறையில், அதைப் பார்க்கத் தெரிந்தவர் இன்னோர் அறையில். ஒரே கூரைக்குக் கீழ் போனில் பேசிக்கொள்கிறார்கள். ஈஸ்வரனுக்கு டீ கட்டடத்தைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் ஆடை கட்டிவிடுகிறது.

இன்று காலை வந்தது வினை. மருந்தடித்த தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்கு ஏன் தலைசுற்றுகிறது என்பதுதான் இவர்கள் ஆராய்ச்சி. கற்பகம் மாதக்கணக்கில் பேசி அந்தப் பெண்களை மலையிலிருந்து ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் அவள் அம்மா அன்னக்கொடி. போர்டுகளைப் பார்த்தவர் இறங்கவே இல்லை.

"மொதலாளி, இதுல எங்க வாசல் எது?"

எதில் வேண்டுமானாலும் வாங்க ஆத்தா என்றேன்.

"எஸ்டேட்லயும் அப்படித்தான் சொல்லுவாக. நொழைஞ்சா, நீ அங்கிட்டு நில்லுன்னுவாக. வண்டியத் திருப்புப்பா."

கற்பகத்தின் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் திரும்பினால் ஆராய்ச்சியும் போச்சு, அவள் படிப்பும் போச்சு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. லோடு இறக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, வெரசா கடப்பாரையைக் கொண்டா என்று எல்லாத் தடுப்பையும் அவர்கள் கண்ணெதிரே பெயர்த்தேன். பாதித் தடுப்பிலேயே அன்னக்கொடி இறங்கிவந்து என் ஆட்களை வேலை ஏவ ஆரம்பித்துவிட்டார். உரித்த பலகையை முன்வாசல் படியில் சரித்துப் போட, ஈஸ்வரன் முதல் தடவையாக முன்பக்கமாக வந்தார். நாகாலாந்துத் தம்பி எல்லோருக்கும் பாலில்லாத கட்டன் டீ போட்டார். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து, டாக்டரிடம் கூடச் சொல்லாத நோவையெல்லாம் சொன்னார்கள், கற்பகம் என்ன பேச்சுப் பேசுகிறாள் தெரியுமா, கூச்சமாவது ஒண்ணாவது.

ஆகவே மாப்பிள்ளை, இனி இங்கே ஒரே வாசல், ஒரே அடுப்பு, ஒரே கூடம். பிரச்சினை தீர்ந்தது. குழுவைக் கலைத்து என்னை விடுவித்துவிடுங்கள், எனக்கு ஏலத்துக்குப் போற சோலி கிடக்கு. தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் மச்சான்,
விஜயபாண்டி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உறை ஒட்டும் நேரத்தில் மகாராணி அழுகிற குழந்தையோடு வந்து, இனி எங்கே உட்கார்ந்து பால் கொடுக்கிறது என்று கேட்டாள். பின்னாலேயே கற்பகம், "வச்சப்பயும் எங்கள ஒரு வார்த்த கேக்கல, பேத்தப்பயும் கேக்கலையேண்ணே" என்றாள். குழுவைக் கலைக்காதீர்கள். நாளைக் காலை கூட்டம், தலைவர் கற்பகம், அன்னக்கொடியும் உறுப்பினர். நானும் இருக்கிறேன், ஆனால் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாதாம். மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான் மாப்பிள்ளை. இவ்வளவு கனமான சோலியை எவனும் என் தலையில் ஏற்றியதில்லை.