நாலாம் பாத்திக் கத்திரி

"இது கொலை! பட்டப்பகல்ல, இத்தனை பேர் பார்த்துண்டு நிக்கறச்சே நடக்கற கொலை!"

அனந்தகிருஷ்ணன் கத்திய கத்தலில் மும்பை செம்பூர்ப் பல்கலைக்கழகத் தோட்டத்துக் காக்கைகள் கோபர்கைரனே வரைக்கும் பறந்துபோயின. மாட்டுங்காவிலிருந்து ஞாயிறுதோறும் தோட்டச் சேவைக்கு வருகிற பென்ஷன்காரர் அவர். கொலையாகிக்கொண்டிருந்தவை நாலாம் பாத்திக் கத்திரிச் செடிகள். மே மாத வெயிலில் மற்ற பாத்திகளெல்லாம் தண்ணீரில் மிதக்க, இதற்கு மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது.

"அங்கிள், அத மட்டும் விட்டுடுங்கோ, ப்ளீஸ். காலைல எல்லாருக்கும் விவரமா சொன்னேனே!" என்றாள் தோட்டத்தைக் கவனிக்கும் ஆராய்ச்சி மாணவி சாருலதா.

அந்தக் காலைப் பேச்சுக்கு அனந்தகிருஷ்ணன் ஒருநாளும் நின்றதில்லை. உத்தியோகக் காலம் முழுக்க மீட்டிங் கேட்டுக் காது காய்த்தவர். ரிடையரான அன்றே இனி எவன் பேச்சையும் உட்கார்ந்து கேட்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். யாராவது மைக்கைத் தட்டினால் மண்வெட்டியோடு நழுவிவிடுவார்.

"வடிகட்டின சோம்பேறித்தனம்!" என்று பொருமியபடி வாளியைத் தூக்கினார். எங்கிருந்தோ காவல்காரர் பூலோகம் முளைத்தார்.

"வாளிய வையுங்க சார். அந்தப் பாத்திக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு ஆர்டரு. என் வேல போயிரும்."

"செடிக்கு உசிரே போறதேய்யா! நீயெல்லாம் மனுஷனா?"

"ஆர்டரு சார்" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார் பூலோகம்.

மறுநாளே அனந்தகிருஷ்ணன் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினார். கையில் காபி ஃபிளாஸ்க். உள்ளே அரிசி களைந்த தண்ணீர். பூலோகம் திரும்பிய நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்து ஊற்றினார். தினமும் இதே திருட்டு. செடிகள் நிமிர்ந்தன.

நிமிர்ந்ததுதான் வம்பாயிற்று. எங்கோ பைப் ஒழுகுகிறது என்று சாருலதா அந்தப் பக்கத்துக் குழாயையே அடைத்துவிட்டாள்.

"பாத்தியா ருக்கு, பழிவாங்கறா!" என்று வீட்டில் மனைவியிடம் குதித்தார். ஃபிளாஸ்க் போதவில்லை. வெந்நீர் ஒத்தடப் பையில் தண்ணீர் நிரப்பிச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார்.

"ஏன்னா, கார்த்தால ஒரு மணி நேரம்தான் தண்ணி வரது. அதையும் கட்டிண்டு போயிட்டா நான் எதுல ரசம் வெக்கறது?"

"ஒருநாள் ரசம் இல்லேன்னா யாரும் சாகமாட்டா!"

"நாளைலேர்ந்து உங்களுக்கு அந்தக் கத்திரிச் செடியே சமைச்சுப் போடட்டும்!"

பஸ் சயான் தாண்டுமுன் பை ஒழுகியது. நனைந்த பேண்ட்டைப் பார்த்த கண்டக்டர் மணியடித்து, அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, "காகா, டாக்டர்கோ திகாவோ" என்று, பெரியவரை டாக்டரிடம் காட்டச் சொல்லி, காதோடு இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூனில் மழை பிடித்தது. பிழைத்தன செடிகள் என்று துள்ளிக்கொண்டு ஓடினார். நாலாம் பாத்திக்கு மட்டும் மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கூரை கட்டியிருந்தார்கள்!

அனந்தகிருஷ்ணனின் மண்டையில் அப்போது அப்பளம் பொரித்திருக்கலாம். "அட பாவிகளா! வருண பகவான் சும்மா குடுக்கறதுக்கும் தடையா?" குடைக்கம்பியால் கூரையில் குத்து குத்தென்று குத்தினார். அடுத்த வாரம் அண்ணாந்தபோது அது சல்லடையாக இருந்தது. இத்தனை ஓட்டையா போட்டோம்? கோபத்தில் கை எண்ணிக்கொண்டா இருக்கும்!

கத்திரி காய்த்தது. சாதாரணக் காய்ப்பா அது? ஒவ்வொன்றும் கைக்குழந்தை சைஸ். தாராவிக்கே எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கலாம்.

அந்த மாதம் தோட்டத்தில் பயிலரங்கு. வடையும் காபியும் உண்டு என்பதால் சபதத்தை ஒத்திவைத்து உட்கார்ந்தார். மேடையில் சாருலதா மைக்கைத் தட்டினாள்.

"தண்ணியே இல்லாம கத்திரி எவ்வளவு தாங்கும்ங்கறதுதான் என் ஆராய்ச்சி. நாலாம் பாத்திக்கு ஏப்ரல்லேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி விடல. குழாய மூடினோம், மழையையும் மறைச்சோம். பாருங்கோ, மத்த எல்லாத்தையும்விட அதுலதான் காய்! இந்த விதைய நாளைக்கே வறண்ட ஊர் விவசாயிகளுக்கு அனுப்பறோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அனந்தகிருஷ்ணன் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். தண்ணீரில்லாத ஊரில் இந்த விதையை நம்பி ஒருவன் விதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பானே!

எழுந்தார். "விதைய அனுப்பாதேம்மா. தினம் நான்தான் தண்ணி ஊத்தினேன்."

சாருலதாவின் முகம் வெளுத்தது. "எவ்... எவ்வளவு அங்கிள்?"

"ஒரு ஃபிளாஸ்க். சில நாள் ஒரு ஒத்தடப் பை."

அவள் முகத்தில் மெல்ல உயிர் திரும்பியது. "அவ்வளவுதானா? அந்தத் தண்ணிக்கு இவ்வளவு காய் காய்க்கவே காய்க்காதே! அப்போ இது நிஜமாவே அதிசயச் செடிதான்!"

வாசலில் நின்ற பூலோகம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ராத்திரி நான் பைப்ப இழுத்துட்டு வாரப்பல்லாம் பாத்தி ஏற்கெனவே ஈரமா கெடக்குமே, அது நீங்கதானா சார்?"