ஏழாம் நம்பர் மலை வண்ணத்துப்பூச்சிகள்

"இங்க வேலி போட்டா நாங்க எங்கங்கய்யா போறது?"

கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள் திரேசா. ஏழாம் நம்பர் மலையில் அந்த ஓடைப் பள்ளம் ஒன்றுதான் பெண்களுக்கு மறைவு. கக்கூஸ் கேட்டு அவள் கொடுத்த கடுதாசிகள் ஆறு வருடமாக ஆபீசில் தூங்குகின்றன.

வெளிக்கள உத்தியோகத்தர் கஜேந்திரனுக்கு அதெல்லாம் சின்ன விஷயம். பள்ளத்து ஈரமண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக் கிடப்பதை அவர் படம்பிடித்து முகநூலில் போட்டதிலிருந்து, தோட்டத்துக்கு விருது கிடைக்கும் என்று பேச்சு. பார்வையிடக் கொழும்பிலிருந்து நிபுணர் வரப்போகிறார். துரையே தோளில் தட்டியிருந்தார். அந்தத் தோளில் இரண்டு நாள் சோப்புப் படவில்லை.

"பூச்சி பயந்துக்கும் திரேசா. நெனச்ச நேரமெல்லாம் போறதுக்கு இது என்ன பங்களாவா? பொம்பளைங்கன்னா கொஞ்சம் அடக்கம் வேணும்."

"அடக்கி அடக்கித்தாங்கய்யா ரெண்டு தடவ கரவனெல்ல ஆஸ்பத்திரியில கெடந்தேன். இன்னொரு வாட்டி வந்தா கிட்னி தாங்காதுன்னு டொக்டர் சொன்னாரு."

"டொக்டருக்குப் பூச்சியப் பத்தி என்ன தெரியும்?"

வேலி எழுந்தது. மும்மொழிப் பலகையும் எழுந்தது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாததால் தமிழில் மட்டும் அது 'வண்ணத்துப்பூச்சு சரணாலயம்' ஆயிற்று.

திரேசா மலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். பாரம் குறைந்தால் கொழுந்து கூடும் என்று கஜேந்திரன் மெச்சிக்கொண்டார்.

முதல் வாரமே பூச்சிகள் பாதியாகின. பூ இல்லாத குறைதான் என்று பங்களா ரோசாச் சட்டிகளை இறக்கினார். இன்னும் குறைந்தன. நாற்றம்தான் காரணமோ என்று வாச்சர் பழனியாண்டியை விட்டு மூன்று போத்தல் பினாயில் ஊற்றிக் கழுவினார். எறும்புகூடப் போய்விட்டது.

"எங்க பழனியாண்டி போச்சு எல்லாம்?"

"தெரியலீங்கய்யா. திரேசாவும் நாலு நாளா வேலைக்கு வரலீங்க. காய்ச்சல் அனலாக் கொதிக்குது..."

"பூச்சியக் கேட்டா பொம்பளையச் சொல்றியே!"

நிபுணரைக் கையோடு அழைத்துவரக் கஜேந்திரன் கொழும்புக்குப் போனார். விருந்து, உபசாரம் என்று மூன்று நாள் ஓடிப்போயிற்று.

நிபுணர் நஸ்லின் மிஸ் பள்ளத்தில் குனிந்து மண்ணை முகர்ந்தார்.

"பினாயிலா?"

"சுத்தம் மிஸ், சுத்தம்!"

"இந்தப் பூச்சி இங்க பூவுக்கா வந்துச்சு? உப்புக்கு வந்தது. மூத்திரம் ஊறின மண்ணுல உப்பிருக்கும், அத உறிஞ்சத்தான் வரும். இங்க வந்துபோன ஆக்களைத் தடுத்துட்டீங்களா?"

கஜேந்திரன் மீசையைத் தடவினார். விருது இன்னும் கைநழுவவில்லை. வேலிக்கம்பைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

"பழனியாண்டி! ஓடிப்போய் திரேசாவக் கூப்பிடு. எல்லாப் பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டு வரட்டும். இனிமே அடக்க வேணாம்னு ஐயாவே சொன்னாருன்னு சொல்லு!"

பழனியாண்டி நின்ற இடத்திலேயே நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

"நேத்துத்தாங்கய்யா அடக்கம் பண்ணினோம்."