நீலச் சூட்டுக்குக் கறுப்பு ஷூ

“நீல சூட்டுக்கு எவனாவது பிரவுன் ஷூ போடுவானாய்யா? மெட்ராஸ்லேருந்து வர்ற புது முதலாளி, ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலைத்தான் பார்ப்பாராம். நாளைக்கு இன்டர்வியூவுக்குக் கறுப்பு ஷூவோட வா. இல்லேன்னா மேஸ்திரி வேலையை மறந்துடு!”

பீங்கான் கம்பெனி வாசலில் நின்று, விருத்தாசலம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன். கோதண்டபாணிக்குக் காது வரை கொதித்தது. பத்து வருஷமாக அங்கே மண் மிதிக்கிறான். இதுவரை எவனும் அவன் காலைப் பார்த்ததில்லை. சூட்டும் ஷூவுமே மங்களூர் மச்சானிடம் கெஞ்சி வாங்கிய இரவல்.

“மண்ணு கொழைக்கிற மேஸ்திரிக்கு எதுக்குங்க சூட்டு? எல்லாம் அந்த மேனேஜரு கொழுப்பு,” என்றாள் மனைவி ஆராயி.

“சரக்கு வாங்க வர்றவங்ககிட்ட பேசணுமாம். கறுப்பு பாலீஷ எடு, பேசாத!”

இருவரும் தேய்த்தார்கள். ஷூ கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

“இத வெச்சி கொழம்புதான் வெக்கலாம்,” என்றாள் ஆராயி.

ஆத்திரத்தில் ஒரு புட்டி கறுப்பு மையை அப்படியே கவிழ்த்தான். நிறம் பிடித்தது, ஷூ தொப்பலாக ஊறிவிட்டது. ஈரச் சாமானைக் கண்டால் பீங்கான்காரன் கை சும்மா இருக்காது. கொண்டுபோய்க் கம்பெனிச் சூளைமேல் வைத்துவிட்டான். மண் காய்ந்தால் சுருங்கும் என்று தெரிந்தவனுக்குத் தோலும் சுருங்கும் என்று தோன்றவில்லை.

காலையில் பார்த்தால், ஷூ அண்டங்காக்காக் கறுப்பு. குதிகால்தான் உள்ளே போகவில்லை.

“வெடிப்புதான் தடுக்குது. பாளம் பாளமா இருக்குது பாருங்க,” என்று ஆராயி ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“மெதுவாடி! இது காலா, அம்மிக்கல்லா?”

“சும்மா இருங்க. மேனேஜரு மூஞ்சின்னு நெனச்சிக்கினு தேய்க்கிறேன்.”

அத்தனை வருஷத்து வெடிப்பும் உதிர்ந்து, குதிகால் பச்சைப்பிள்ளையுடையது போல ஆனது. விளக்கெண்ணெய் தடவித் திணித்ததும் ஷூ ஏறியது.

நொண்டிக்கொண்டே முதலாளி அறைக்குள் போனான். அவர் சூட்டைப் பார்க்கவில்லை.

“ஷூவைக் கழட்டுப்பா.”

பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான். முதலாளி எட்டி அவன் குதிகாலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“நீ போகலாம். அடுத்த ஆளு!”

வெளியே வந்தவன் ஷூவைச் சுவரில் ஓங்கி அடித்தான். “கறுப்புதானடா கேட்டீங்க? கறுப்பாத்தானே இருக்குது! இன்னும் என்னாடா கொறை?”

வாட்ச்மேன் சாமிதுரை குனிந்து அவன் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“கலர யாருப்பா பாத்தா? அவரே மண்ணு மிதிச்சி முதலாளியானவரு. குதிகால்ல வெடிப்பு இருக்கிறவனத்தான் மேஸ்திரியா எடுக்கிறாரு!”